வெயில் சென்னையா, குளிர்ந்த பெங்களூரா?

சென்னை வெயிலில் மனுஷன் இருப்பானா என்று கேட்டுக்கொண்டே பெங்களூருக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் நிறைய. நான் இரண்டிலும் குடியிருந்து பார்த்துவிட்டேன்.

வெயில்
சென்னை: மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். மதியம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அதைவிடக் கொடுமை புழுக்கம். குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி வேர்க்கும். கடற்காற்று சீக்கிரம் உள்ளே வந்தால் பிழைத்தோம். மேற்கிலிருந்து வரும் காற்று அதைத் தடுத்துவிட்டால் சாயங்காலம் வரை வேக வேண்டியதுதான்.
பெங்களூர்: சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் அங்கும் சுடும். ஆனால் ராத்திரிக்கு ஃபேன் போதும்.

தண்ணீர்
சென்னை: 2019இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.
பெங்களூர்: காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேலேற்ற வேண்டும். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, லாரிக்கு அலைந்தார்கள்.

போக்குவரத்து
சென்னை: கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931லிருந்து ஓடுகிறது. கூட்டம்தான், ஆனால் சொன்ன நேரத்துக்குப் போய்விடலாம்.
பெங்களூர்: மெட்ரோ எட்டாத இடம் என்றால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்று வானிலையை ரசிக்கலாம்.

வெயிலில் நின்று வேலை பார்ப்பவர், வயதான பெற்றோரை வைத்திருப்பவர் என்றால் பெங்களூர். ஏசி அலுவலகம், ரயில் நிலையம் பக்கத்தில் வீடு, சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் கால் நனைத்தால் போதும் என்பவருக்குச் சென்னை ஒன்றும் நரகமில்லை. அப்புறம், மே மாதத்தில் மட்டும் வீடு பார்க்க வராதீர்கள்.