கீழக்கரை ரெக்கார்டு கடைக்கு ஹிபாரி வைத்த பரீட்சை

கீழக்கரைக் கடைத்தெருவில் பழைய ரெக்கார்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்று உண்டு. அதன் வேலையைச் சோதிக்க ஜப்பானியப் பாடகியும் நடிகையுமான மிசோரா ஹிபாரியை விடத் தோதான ஆள் கிடைக்காது. 1949-இல், 12 வயதில், உயரத் தொப்பியும் வால் கோட்டும் மாட்டிப் படத்தில் நடித்தவர். அதன் பாட்டும் அவர் குரல்தான். நடித்த படங்கள் 150-ஐத் தாண்டும். 1989-இல் 52 வயதில் இறந்தார். அரக்குத் தட்டில் ஆரம்பித்து சிடியில் முடிந்த வாழ்க்கை.

அரக்குத் தட்டு வேலையில் குறையே இல்லை. எல்பி எனும் வினைல் தட்டுக்கான ஊசியை 78-இல், அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டில் வைத்தால், அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசும். இங்கே நாலு மடங்கு பருத்த தனி ஊசி வைத்திருக்கிறார்கள். 1952-இல் வந்த ‘ரிங்கோ ஒய்வாகே’யில் பாட்டுக்கு நடுவே ஹிபாரி பேசுவார், இரைச்சல் காட்டிக்கொடுக்கும் இடம் அது. பேச்சு தெளிவாக விழுகிறது. உப்புக்காற்றில் பூத்த பூஞ்சையையும் காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு சோப்பும் கொண்டே துடைக்கிறார்கள். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

கோட்டை விட்டது 45-இல், அதாவது நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் தட்டில். 1964-இல் வந்த ‘யாவாரா’ மந்தமாக ஓடுகிறது. கடையில் 45-ஐ ஓட்டும் ஜப்பான் பிளேயர் ஒசாகா பக்கத்து 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 100 ஆக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது, மோட்டாரோ ஹெர்ட்ஸுக்குத் தக்கபடிதான் சுற்றும். நம் 50 ஹெர்ட்ஸில் 45 சுற்று 37.5 ஆகிறது, சுருதி ஒன்றரைக் கட்டை இறங்குகிறது. சிறுமியாக இருந்தபோதே பெரிய மனுஷி போலப் பாடியவர் என்பதால், தெரியாதவர் காதுக்கு இதுவும் சரியாகவே படும்! மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் புல்லி மாட்டினால் தீர்ந்தது. அதுவரை, பதிவின் வேகத்தைச் சுருதியோடு சேர்த்து 20 சதவீதம் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், கம்ப்யூட்டரில் செய்துவிடலாம். நடு ஓட்டை பெரிதாக இருப்பதால் அடாப்டர் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆடினால் நீண்ட கார்வைகள் அலையும்.

1989-இன் ‘காவா நோ நகாரே நோ யோ நி’ எட்டு சென்டிமீட்டர் குட்டி சிடியாகவும் வந்தது. தட்டு வெளியே வரும் டிரைவில், உள்வட்டக் குழியில் வைத்து எடுக்கிறார்கள். கார் பிளேயரில் சொருகினால் திரும்பி வராது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மூன்று மணிக்கு மேல்தான் கடை திறக்கும்.