கிளெய்ம் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள், கணக்குச் சொல்வதில் ஊமைகள்

நிறுத்தி வைத்திருந்த காரைப் பின்னால் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பம்பர் கிழிந்து, டிக்கிக் கதவு உள்வாங்கி, ஒரு விளக்கும் போயிருந்தது. ஆள் யாரென்று தெரியாததால் என் கார் இன்சூரன்ஸ் பாலிசியிலேயே கிளெய்ம் போட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் அருமையான மனிதர். டிக்கிக் கதவையே மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்காரர் எஸ்டிமேட் போட்டிருந்தார். இவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "டிங்கரிங்கில் சரியாகிவிடும், பம்பர் மட்டும் புதுசு" என்றார். பம்பரைக் கழற்றியபோது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமும் வளைந்திருந்தது. வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லி, வீடியோ அழைப்பில் பார்த்து அதையும் சேர்த்துக்கொண்டார். அவரிடம் காட்டாமல் மாற்றியிருந்தால் அந்தச் செலவு என் தலையில்தான் விழுந்திருக்கும்.

பில்லில் என் பங்கும் இருந்தது. என் பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். அதற்கு மேல் எந்தக் கிளெய்முக்கும் நாம் கட்டவேண்டிய கட்டாயத் தொகை வேறு. இதெல்லாம் பாலிசியில் எழுதியிருப்பதுதான், குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். கிளெய்ம் போடும் முன் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "இதனால் பிரீமியம் எவ்வளவு ஏறும்?" என்று கேட்டேன். "ரினியூவல் சமயத்தில் தெரியும் மேடம்." எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில். சரி, நானே பேப்பரை எடுத்தேன்.

எனக்கு நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 50 சதவீதம். சொந்தச் சேதத்துக்கான (நம் காருக்கே வரும் சேதத்துக்கான) முழு பிரீமியம் 100 என்றால் 50 கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யம். பிறகு வருஷாவருஷம் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். அதாவது 100, 80, 75, 65, 55 என்று கட்ட வேண்டும். கூடுதலாகப் போவது 50, 30, 25, 15, 5, மொத்தம் 125. ஒன்றேகால் வருஷத்து முழு பிரீமியம்! (காரின் மதிப்பு வருஷம்தோறும் குறைவதால் நிஜத்தில் கொஞ்சம் கம்மியாக வரும்.) கைக்கு வரும் கிளெய்ம் தொகை இதற்குக் கீழே என்றால் சொந்தக் காசில் சரிசெய்துகொள்வதே லாபம். எனக்கு அதைவிட நன்றாகவே அதிகம் வந்ததால் போட்டேன். வெறும் பம்பர் கீறலாக இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

பள்ளிக்கூடக் கணக்கு இது. ஒரு நிறுவனத்தின் செயலியில் இதைக் காட்ட முடியாதா என்ன? காட்டினால் சின்னக் கிளெய்ம்கள் அவர்களுக்கே குறையுமே!

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். மூன்று சர்வேயருக்கு, அரை மற்றவர்களுக்கு. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் எடுத்தால் என்ன விலை என்று ரினியூவலுக்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.