கதிர்வீச்சு காலை ஒன்று, மாலை ஒன்று: அப்பாவின் மூன்று வாரம்

அப்பாவின் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கு 5, தாதிகளுக்கு 5, காலைக்கும் மாலைக்கும் நடுவில் வரும் அந்த ஆறு மணி நேரத்துக்கு 2. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம்.

அப்பாவுக்கு ஸ்மால் செல் வகை நுரையீரல் புற்றுநோய். நல்லவேளை, நெஞ்சைத் தாண்டிப் பரவவில்லை. கீமோவோடு சேர்த்துக் கதிர்வீச்சும் கொடுக்கவேண்டும் என்று சொல்லி டாக்டர் இரண்டு வழி வைத்தார். தினம் இரண்டு தடவையாக, தடவைக்கு 1.5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 30 தடவை, மொத்தம் 45 கிரே, மூன்று வாரத்தில் முடிந்துவிடும். இல்லையென்றால் தினம் ஒரு தடவை 2 கிரே, 33 தடவை, மொத்தம் 66, ஆறரை வாரம் ஓடும்.

"66 பெரிசுதானே டாக்டர், அப்புறம் ஏன் 45?" என்று கேட்டேன். அவசரமே படாமல் விளக்கினார். இந்த வகைச் செல்கள் மளமளவென்று பெருகும், நாளை இழுத்தால் அடிபட்டது போக மிச்சமிருப்பது மறுபடி முளைத்துவிடும், அதனால் எத்தனை கிரே என்பதோடு எத்தனை நாளில் முடிக்கிறோம் என்பதும் கணக்கு. 1999இல் வந்த அமெரிக்க ஆய்வில் அதே 45 கிரேயைத் தினம் ஒரு தடவை வாங்கியவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் 16 சதவீதம், இரண்டு தடவை வாங்கியவர்களில் 26. ஆனால் 2017இல் வந்த கான்வெர்ட் ஆய்வில் 547 பேருக்கு 45ஐயும் 66ஐயும் வைத்துப் பார்த்தபோது ஆயுளில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, உணவுக்குழாய் எரிச்சலும் ஏறக்குறைய ஒன்றுதான். தினம் இரண்டு தடவை வந்துபோக முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார். (எதிர்வீட்டு ஆன்ட்டி, தன் கணவருக்கு 60 கிரே, உங்களுக்கு ஏன் குறைச்சல் என்று கேட்டு அம்மாவைக் கலங்கடித்துவிட்டார். அவருடையது வேறு வகை, ஒப்பிடவே கூடாது.)

துறைமுகத்தில் இருபது வருஷம் ஷிப்ட் பார்த்த அப்பா, "ரெண்டு ஷிப்ட்தானே, பாத்துக்கலாம்" என்றார். முடிந்தது.

படுக்கையில் பத்து பதினைந்து நிமிஷம்தான், வலியே கிடையாது. ஆனால் இரண்டு தடவைக்கும் நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விடவேண்டும், நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள. அந்த நேரத்தில் நோயாளி எங்கே இருப்பார் என்று யாருமே யோசிக்கவில்லை. காலை எட்டரைக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் டாக்சிக்காசு, போகாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று நாள் கேன்டீனில் சுருண்டு உட்கார்ந்திருந்தார், எனக்கு வயிறு எரிந்தது. நாலாம் நாள் ஒரு மலாய்த் தாதி பார்த்துவிட்டு, கீமோ பகுதியில் காலியாகக் கிடந்த சாய்வு நாற்காலியைக் காட்டி "பாக்சிக் (மலாயில் மாமா), இங்கே படுத்துக்குங்க" என்றார். முதல் நாளே இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கலாம். ஒருநாள் மெஷின் பழுது, இரண்டாவது தடவை முடிய இரவு எட்டாகிவிட்டது, தகவல் சொல்லவும் ஆளில்லை.

மூன்றாம் வாரம் விழுங்கவே வலி, கஞ்சியும் மோரும்தான். முடிந்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

இரண்டு தடவை வழியை எடுப்பவர்கள் முதல் நாளே ஓய்வெடுக்க இடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பு) கணக்கையும் அன்றே பேசிவிடுங்கள். ஸ்கேன் அடுத்த மாதம். போன ஞாயிறு அப்பா தோசை கேட்டார், பாதிதான் இறங்கியது.