சீனக்குடாவில் 06-ஆ, 24-ஆ?

விமானச் சிமுலேட்டரில் திருகோணமலைக்கு இறங்கும்போது நேரடி வானிலையா (அந்நேரத்து உண்மையான வானிலை), நாமே வைக்கும் காற்றா? அங்குள்ள சீனக்குடா விமான நிலைய ஓடுபாதைக்கு ஒரு முனை 06, மறுமுனை 24; இறங்கும் திசை ஏறக்குறைய 60 பாகை, 240 பாகை என்பதன் சுருக்கம். எந்த முனையில் இறங்கினால் காற்று எதிரே வருமோ, அதைத்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம் பொதுவாகத் தரும். நேரடி வானிலையில் ஆடிக் கச்சானுக்கு (தென்மேற்குக் காற்று) 24, மார்கழி வாடைக்கு (வடகிழக்குக் காற்று) 06. ஊர்க்காரருக்கு அது தனி ருசி, நான் பெரும்பாலும் அப்படித்தான் பறப்பேன். ஆனால் காற்றுத் தளம்பும் நேரத்தில் பாதி வழியில் முனை மாறினால் கடுப்பாகும்.

நாமே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பக்கக்காற்றுப் பழக இதுதான் சரி: 270 பாகையிலிருந்து 16 நொட் (மணிக்கு 16 கடல் மைல்) வைத்தால், 24-இல் எதிர்க்காற்று ஏறக்குறைய 14, பக்கக்காற்று 8. அப்புறம், மேலடுக்குக் காற்றை மட்டும் மாற்றிவிட்டுக் கோபுரத்தைத் திட்டாதீர்கள். அது பார்ப்பது நிலமட்டக் காற்றை.