'ஆஃப்லைனில் இருந்தால் பாதுகாப்பு' என்ற ஒரு வரியை நம்பிச் சந்தா கட்டாதீர்கள்

தனியார் நடத்தும் கேம் சர்வரில் (பலர் சேர்ந்து விளையாடும் இணையக் களம்) பணம் கட்டிச் சேரப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சேருங்கள். நாங்கள் மூன்று பேர் 11 வாரம் உழைத்துச் சேர்த்தது ஒரே இரவில் போய்விட்டது. விளையாட்டுப் பொருள்தானே என்று சிலர் கேட்பார்கள். பொருள் போனது எனக்குப் பெரிதில்லை. போகாது என்று எழுதி வைத்துப் பணம் வாங்கியவர்கள், போன பிறகு கையை விரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மரம் வெட்டி, கல் உடைத்து, இரும்பு உருக்கி வீடு கட்டும் வகை விளையாட்டு அது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் உடைத்துக் கொள்ளையடிக்கலாம். அதுதான் ஆட்டம், அதில் எனக்குக் குறையே இல்லை. நாங்களும் அடுத்தவர் கோட்டைக்குள் புகுந்திருக்கிறோம். உள்ளே ஆள் இருக்கும்போது, நேருக்கு நேர் நின்று. பல முறை தோற்று வெறுங்கையோடு திரும்பியும் இருக்கிறோம். ஆனால் மூவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரவில் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மீதி 22 மணி நேரமும் வீடு காவலில்லாமல் கிடக்கும். அதனால்தான் தேடித் தேடி இந்தச் சர்வருக்கு வந்தோம். அதன் முகப்பிலேயே, "ஆஃப்லைனில் இருப்பவர்களின் வீட்டைத் தாக்குவதும் அவர்களிடம் திருடுவதும் தடை செய்யப்பட்டவை" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மாதச் சந்தா கட்டினோம்.

ஐந்தாவது வாரம் எங்கள் மதிலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். கையில் ஆயுதம் இல்லை, உடம்பில் கவசம் இல்லை, பசியில் உயிர் குறைந்துகொண்டே இருந்தது. சுட்ட இறைச்சி கொடுத்தோம், தோல் உடை கொடுத்தோம், உலையை எப்படி மூட்டுவது என்று சொல்லிக் கொடுத்தேன். நல்ல உழைப்பாளி. நாங்கள் வருவதற்குள் உலையில் விறகு நிரப்பி வைத்திருப்பார். மூன்று வாரம் பார்த்துவிட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டோம். வெளிக்கதவைத் திறக்கும் ரகசிய எண்ணைக் கொடுத்தோம். சரக்கு அறையின் எண்ணை மட்டும் கொடுக்கவில்லை.

எல்லாம் போன அந்த இரவு 11.30 மணிக்கு நாங்கள் மூவரும் ஆட்டத்திலிருந்து கிளம்பினோம். "நீங்கள் போங்கள் அண்ணா, உலையில் இருக்கிற கரியை எடுத்து வைத்துவிட்டு நானும் போகிறேன்" என்றார்.

காலையில் உள்ளே நுழைந்தபோது வெளிக்கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. சரக்கு அறையின் கதவு இருந்த இடத்தில்தான் வெடி வைத்துப் பிளந்த ஓட்டை. ஒவ்வொரு பெட்டிக்கும் நான் பெயர் எழுதியிருந்தேன்: இரும்பு, மருந்து, கயிறு, விதை. பெயர்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன், ஒவ்வொன்றும் காலி. யாருக்கும் உதவாத பூசணி விதையைக்கூட விட்டு வைக்கவில்லை. உலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் மட்டும் 400 கரித்துண்டுகள் இருந்தன. சொன்னபடி கரியை எடுத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதைப் பார்த்தபோது நெஞ்சு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவரைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை. ஏமாற்றுகிற ஆள் எங்கும் உண்டு. அதற்காகத்தானே விதி, அதற்காகத்தானே சர்வரை நிர்வகிக்கும் அட்மின். படங்களோடு புகார் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில்: "சம்பவ நேரத்தில் உங்கள் குழுவில் ஒருவர் ஆன்லைனில் இருந்தார். எனவே பாதுகாப்பு செயல்பாட்டில் இல்லை. விதி மீறப்படவில்லை."

அந்த ஒருவர் யார் தெரியுமா? கரி எடுத்து வைத்தவர்தான். திருடனே வீட்டில் விழித்திருந்ததால் வீட்டுக்காரர்கள் விழித்திருந்ததாகக் கணக்காம்!

இதன் சூட்சுமம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. 'ஆர்க்' போன்ற விளையாட்டுகளில் ஆஃப்லைன் பாதுகாப்பு என்பது சர்வர் நடத்துபவர் போடவோ எடுக்கவோ கூடிய ஓர் அமைப்பு. குழுவில் எல்லோரும் வெளியேறிய பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். வெளியேறி எத்தனை வினாடி கழித்து என்பதையும் நடத்துபவரே குறிக்கிறார். எங்கள் சர்வரிலும் ஏற்பாடு இதேதான். ஆகவே குழுவுக்குள் ஓர் ஆளை நுழைத்து, அவரை மட்டும் விழித்திருக்க வைத்தால் போதும், மொத்தப் பாதுகாப்பும் விழுந்துவிடும். முகப்பில் அவ்வளவு பெரிதாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லத் தெரியாதா? கேட்டேன். "எல்லோருக்கும் தெரிந்த விஷயம்" என்றார்கள்.

திருட்டே கூடாது என்று நான் வாதாடவில்லை. 'ரஸ்ட்' விளையாட்டில் நீங்கள் வெளியேறினால் உங்கள் உருவம் அங்கேயே தூங்கிக்கொண்டு கிடக்கும். எவரும் வந்து கொன்று எடுத்துக்கொள்ளலாம். அதைத் தெரிந்துதான் இறங்குகிறார்கள், அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' வந்தது 2012-இல். அதில் நீங்கள் இல்லாத நேரத்தில்தான் பொதுவாகக் கொள்ளையே நடக்கும். ஆனால் ஒரு பங்குதான் எடுக்க முடியும், பலமாக அடிபட்ட ஊருக்குச் சில மணி நேரம் யாரும் தாக்க முடியாத கேடயமும் கிடைக்கும். 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டில் பெரிய விண்வெளி நிலையங்களை ஒரே மூச்சில் அழித்துவிட முடியாது. உரிமையாளர் முன்பே குறித்து வைத்த நேரத்தை ஒட்டித்தான் அடுத்த கட்டச் சண்டை நடக்கும், அவர் வந்து நிற்க ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்று கடுமையான விதி, ஒன்று இளகியது. ஆனால் எல்லாமே சொன்னபடி நடக்கிற விதிகள். எனக்கு அதுதான் நியாயம்.

சட்டம் உதவுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. 'ரூன்ஸ்கேப்' விளையாடிய ஒரு சிறுவனை இருவர் அடித்து மிரட்டி, அவனுடைய கணக்கிலிருந்த தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அவன் நேரமும் உழைப்பும் போட்டுச் சேர்த்தவை அவை, அவற்றைப் பறித்தது திருட்டே என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தப் பறிப்பு ஆட்டத்துக்கு வெளியே, ஆட்டத்தின் விதியில் இல்லாத வழியில் நடந்தது. எங்களுக்கு நடந்தது ஆட்டத்துக்கு உள்ளே. கொள்ளை அனுமதிக்கப்பட்ட இடத்தில், அந்தச் சர்வரின் விதி ஒன்றைத் தவிர எங்களுக்கு வேறு வேலி கிடையாது. அந்த வேலிக்குத்தான் பணம் கட்டியிருந்தோம்.

வெடியை வைத்தது யார், பெட்டிகளைத் திறந்தது யார் என்ற பதிவு சர்வரில் இருக்கும். அதைக் காட்டுங்கள் என்றேன். "பார்த்துவிட்டோம், விசாரணை முடிந்தது" என்றார்கள். மூன்றாம் முறை கேட்டபோது பொது உரையாடலில் நான் எழுதுவதற்கே தடை போட்டார்கள். சந்தாவைத் திருப்பிக் கேட்டதற்கு, அது சந்தா அல்ல, நன்கொடை, நன்கொடை திருப்பித் தரப்படாது என்று பதில். பணம் கட்டிய பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதைப் படிக்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

எனவே சேர்வதற்கு முன் அட்மினிடம் எழுத்தில் கேளுங்கள். ஆஃப்லைன் என்றால் தனி ஆளா, முழுக் குழுவா? வெளியேறி எவ்வளவு நேரத்தில் பாதுகாப்பு தொடங்குகிறது? உள்ளிருந்தே ஒருவர் துரோகம் செய்தால் அது விதிமீறலா? புகார் வந்தால் பதிவைப் பாதிக்கப்பட்டவருக்குக் காட்டுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். புதிதாக வருகிறவருக்குச் சோறு போடுங்கள், உடை கொடுங்கள். ஆனால் குழுவில் சேர்க்க அவசரப்படாதீர்கள். எங்களுக்கு மூன்று வாரம் போதவில்லை.

இன்னொன்று. புகார் கொடுத்த நான்காம் நாள் விதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வாக்கியத்தின் முடிவில் "குழுவினர் அனைவரும் ஆஃப்லைனில் இருந்தால் மட்டும்" என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். மாற்றிய தேதி போடவில்லை. பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்; அதில் தேதி இருக்கிறது.