அக்ரா நடைச் சுற்றுலா: 1948-ஐப் பாதியில் தொடங்குகிறார்கள்

கானா தலைநகர் அக்ராவில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1948-ஆம் ஆண்டு வெடித்த கலவரத்தின் நிகழ்வுகளை நடந்தே காட்டும் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பெரிய குறை ஒன்று இருக்கிறது.

முதலில் நல்லது. பிப்ரவரி 28 அன்று முன்னாள் படைவீரர்கள் பிரிட்டிஷ் ஆளுநர் கிரீசியிடம் மனுக் கொடுக்க, அவர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி நடந்தார்கள். பர்மாவில் பிரிட்டனுக்காகப் போரிட்டவர்கள் அவர்களில் பலர். வழியை மறித்த போலீஸ் அதிகாரி காலின் இம்ரே, ஒரு காவலரின் துப்பாக்கியை வாங்கித் தானே சுட்டார். இறந்தவர்கள் சார்ஜென்ட் அட்ஜெட்டி, கார்ப்பரல் அட்டிப்போ, ஒடார்ட்டி லாம்ப்டே. அந்த மூன்று பெயர்களையும் வழிகாட்டி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். என் தாத்தா 1942-இல் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர். அங்கிருந்து நகர எனக்கு மனமே வரவில்லை.

குறைக்கு வருகிறேன். இவர்களுடைய 1948 பிப்ரவரி 28-இல்தான் தொடங்குகிறது. ஜனவரியில் கா இனத் தலைவர் நீய் குவாபெனா போன்னே தொடங்கிய கடைப் புறக்கணிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை! விலைவாசி தாங்காமல் ஐரோப்பிய, சிரிய வணிகர்களின் கடைகளை மக்கள் ஒதுக்கினார்கள். மொத்த லாபத்தை 75 சதவீதத்திலிருந்து 50-ஆகக் குறைக்க வணிகர்கள் ஒப்புக்கொண்டதால் புறக்கணிப்பு முடிந்தது. முடிந்த நாளும் அதே பிப்ரவரி 28. விலை மளமளவென்று சரியும் என்று நம்பிக் கடைக்குப் போனவர்கள் ஏமாந்தார்கள். அந்த ஆத்திரத்தின் மேல் துப்பாக்கிச்சூட்டுச் செய்தி வந்து விழுந்ததும் கலவரம் வெடித்தது. இதைச் சொல்லாமல் கடைகள் எரிந்ததை மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அது வெறும் வெறியாட்டமாகத்தான் தெரியும். கலவரத்தில் இறந்த 29 பேருக்கு அது நியாயமில்லை. நோய் கண்ட கோகோ மரங்களை அரசு வெட்டச் சொன்னதால் விவசாயிகள் கொதித்துப்போயிருந்ததும் விடுபட்டிருக்கிறது.

நிக்ரூமா, டான்குவா உள்ளிட்ட ஆறு விடுதலை இயக்கத் தலைவர்கள் கைதானதும், பிரிட்டிஷ் அரசு அமைத்த வாட்சன் குழு கலவரத்தை விசாரித்ததும் சுருக்கமாக வருகின்றன. அது போதும்.

வழியில் நிழல் குறைவு. காலை நேரத்தையே கேளுங்கள். பணம் கட்டும் முன், கோட்டைக்குப் போகுமுன் கடைத்தெருவில் நின்று ஜனவரியைச் சொல்லுங்கள் என்று கேட்டு வையுங்கள். நான் இறுதியில் புறக்கணிப்பைப் பற்றிக் கேட்டபோது அந்த வழிகாட்டி தடங்கலின்றி விளக்கினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வகுத்துக் கொடுத்த பாதையில்தான் அதற்கு இடமில்லை.