லேப்டாப் தூங்காம இருக்க ஒரு காபி கப்

நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். ராத்திரி அப்லோடு போட்டுட்டு படுத்தா காலைல பாத்தா லேப்டாப் என்னவிட நல்லா தூங்கிட்டு இருக்கும். போன மாசம் ஒரு 40 ஜிபி ஃபைல் 63 சதவீதத்துல அப்படியே நின்னு போச்சு, பொண்ணோட அப்பா ஆறரைக்கே போன் அடிச்சு "தம்பி லிங்க் வரலியே"ன்னாரு. அதுவரைக்கும் என் டெக்னிக் என்னன்னா பத்து மணி நேர மழை சத்தம் வீடியோ ஒண்ண மியூட்ல ஓட விடுறது. சிரிக்காதீங்க, நல்லாவே வேலை செஞ்சுது, அன்னைக்கு பாத்து போட மறந்துட்டேன்.

அப்புறம்தான் மைக்ரோசாஃப்டோட பவர்டாய்ஸ் போட்டேன். ஃப்ரீதான், ஓப்பன் சோர்ஸ். அதுக்குள்ள ஏகப்பட்ட டூல் இருக்கு, நான் யூஸ் பண்றது லேப்டாப்ப தூங்க விடாம வைக்கிற அவேக் ஒண்ணுதான், 2021ல சேத்தாங்க. ஆன் பண்ணா கீழ கடிகாரம் பக்கத்துல ஒரு குட்டி காபி கப் ஐகான் வரும், ரைட் கிளிக் பண்ணி அரை மணி, ஒரு மணி, ரெண்டு மணி, இல்ல நானா நிறுத்துற வரைக்கும்னு எது வேணுமோ எடுத்துக்கலாம். எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா இது நம்ம பவர் செட்டிங்ஸ்ல கையே வைக்காது, நேரம் முடிஞ்சதும் பழையபடி ஆயிடும். முன்ன நான் செட்டிங்ஸ்ல போய் ஸ்லீப்ப "நெவர்"னு மாத்திட்டு திருப்பி மாத்த மறந்து, மறுநாள் பஸ்ல போகும்போது பேட்டரி காலி.

"கீப் ஸ்க்ரீன் ஆன்"னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு. அப்லோடுக்கு அது தேவையே இல்ல, ஆஃப்லயே வைங்க. ஸ்க்ரீன் அணைஞ்சாலும் உள்ள வேலை ஓடிட்டுதான் இருக்கும். இது தெரியாம நான் முதல் வாரம் ஸ்க்ரீன ஆன்லயே விட்டுட்டு சாப்பிடப் போனேன், அக்கா பையன், ஆறு வயசு, வந்து டைம்லைன்ல தாலி கட்டுற சீன இழுத்து ரிசப்ஷனுக்கு அப்புறம் வச்சுட்டான். நல்லவேளை அன்டூ இருக்கு.

தூங்காத கம்ப்யூட்டர் தானா பாஸ்வேர்டும் கேக்காது, இத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. இப்ப எந்திரிக்கும்போதே விண்டோஸ் கீயும் எல் (L) கீயும் சேத்து தட்டி லாக் பண்ணிடுறேன், லாக் ஆனாலும் அப்லோடு நிக்காது. மறதிக்காரங்களுக்கு விண்டோஸ்லயே டைனமிக் லாக்னு ஒண்ணு இருக்கு, செல்போன ப்ளூடூத்ல ஜோடி சேத்துட்டா நாம அதோட தூரம் போனதும் தானா லாக் ஆகும். ஆனா உடனே ஆகாது, சுமார் ஒரு நிமிஷம் எடுக்கும், வீடு சின்னதா இருந்தா அடுத்த ரூம் வரைக்கும் சிக்னல் வந்து லாக்கே ஆகாது. அக்கா பையனுக்கு பத்து செகண்ட் போதும்.

லேப்டாப்ப மடக்கி மூடினா அவேக் ஒண்ணும் பண்ணாது, அத விண்டோஸ் செட்டிங்ஸ்ல தனியா பாத்துக்கணும். ஆபீஸ் சாட்ல நாம சீட்ல இருக்கோம்னு காட்டுற பச்சப் புள்ளி மாறாம இருக்கணும்னு தேடுறவங்களுக்கும் இது ஆகாது, ஏன்னா இது கீயோ மவுஸோ தட்டுற மாதிரி நடிக்கிறதில்ல. அதுக்கு கேஃபீன்னு பழைய குட்டி சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அது 59 செகண்டுக்கு ஒருதடவ எஃப்15 கீய அமுக்குன மாதிரி காட்டும், நம்ம கீபோர்டுல அந்த கீயே இருக்காது. உங்க மேனேஜர் கிட்ட மாட்டுனா நான் பொறுப்பில்ல.

பவர்டாய்ஸ் மொத்தமா இறக்கணும், இந்த ஒண்ணுக்காக அது கொஞ்சம் பெருசுதான். எனக்கு அஞ்சுக்கு நாலர. இந்த வாரம் ரெண்டு கல்யாணம் ஏத்தியாச்சு, ஆறரைக்கு போன் வரல.